வாழ்வெண் அறுபது

ஞானத்தோரணம் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று, ஒரகடம் சாலையைப் பார்த்த முன்வாசல். பளிங்குத் தூண்கள், நீரூற்று, வேந்தரின் வெண்கலச் சிலை எல்லாம் அங்கே. வேந்தர் உயிரோடுதான் இருக்கிறார். சிலைத் திறப்பு விழாவுக்கு அவரே வந்து, தமக்குத் தாமே மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். இன்னொன்று, ஏரிக்கரைப் பக்கத்துப் பின்வாசல். விடுதிச் சமையலறையின் எச்சில் வண்டி போய்வருவதற்காக வைத்தது. கல்வியில் சமூகநீதி காணவேண்டும் என்று ஆட்சிக்குழு திடீரென்று முடிவெடுத்தபோது, இந்தப் பின்வாசலுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து 'மாற்று வாயில்' என்று பலகை மாட்டினார்கள். எச்சில் வண்டியும் அதே வழியில்தான் இன்னமும் போய்வருகிறது.

மதிப்பெண் குறைந்தவர்கள், படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள், வயது தாண்டியவர்கள் எல்லாரும் இதன் வழியாக உள்ளே வந்து பட்டதாரி ஆகலாம் என்பது திட்டம். கம்பெனி பஸ்களின் முதுகில் விளம்பரம் ஒட்டினார்கள். 'மதிப்பெண்ணா? யார் கேட்டார்கள்? உங்கள் வாழ்க்கையே உங்கள் தகுதி!'

இதை நம்பியவர்களில் ஒருத்தி முத்துச்செல்வி. ஆலங்குளம் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நின்று, சர்க்யூட் போர்டுகளில் ஈயப்பற்று சரியாக இருக்கிறதா என்று லென்ஸ் வழியாகப் பார்ப்பது அவள் வேலை. அந்த லைனில் இருபத்தாறு வயதுக்கு மேல் ஒரு பெண்ணைக்கூடப் பார்க்க முடியாது. யாரும் துரத்துவதில்லை. அந்த வயது வந்ததும் கான்ட்ராக்ட் தானாகப் புதுப்பிக்கப்படாமல் போகும், அவ்வளவுதான். அதற்கு மேலும் அந்தக் கட்டடத்தில் இருக்க விரும்புகிறவர்கள் மாடியில் கண்ணாடி அறைக்குள் இன்ஜினியராக உட்கார வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டும். முத்துச்செல்விக்கு வயது இருபத்துமூன்று, பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் மாலைநேர வகுப்பு மூன்று வருடம். இந்த வருடம் சேர்ந்தால் கணக்குச் சரியாக வரும். அடுத்த வருடம் என்றால் வராது.

பிளஸ் டூவில் அவள் எடுத்தது ஐம்பத்தொன்பதரை சதவீதம். நேர்வழிக்கு அறுபது வேண்டும்.

"அரை மார்க்குல போச்சுட்டி" என்று லைனில் பக்கத்தில் நிற்கும் ஐஸ்வர்யாவிடம் சொன்னாள்.

ஐஸ்வர்யா மணிமங்கலத்துக்காரி. எதற்கும் கலங்காதவள். "அதான் பஸ்சு பின்னாடி எய்திகீதே, வாய்க்கையே தகுதின்னு. போய்க் கேளு. உன் வாய்க்கைய இன்னா திருப்பியா அனுப்பப் போறான்?"

ஞாயிற்றுக்கிழமை முத்துச்செல்வி போனாள். முன்வாசல் காவலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, மெயினா, மாற்றா?"

"அட்மிஷன் கேக்க வந்தேன்ண்ணே."

"மார்க்கு எம்மாம்?"

"அம்பத்தொம்பதரை."

"அப்ப மாற்று. காம்பவுண்ட புடிச்சிகினு சுத்திப் போ. எச்சி வண்டி வந்தா ஓரமா நின்னுக்க."

மாற்று வாயில் திட்டத்தின் இயக்குநர் முனைவர் ரகுபதி. அவருடைய அறை மட்டும் முன்வாசல் கட்டடத்தில் இருந்தது. விண்ணப்பம் கொடுக்க வந்தவர்களைப் பார்க்க அவர் குடை பிடிக்கும் ஆளோடு ஏரிக்கரைக்கு வந்து, தகரக் கொட்டகையில் மைக் பிடித்துப் பேசினார்.

"மதிப்பெண் என்பது வெள்ளைக்காரன் நம் தலையில் ஏற்றிவைத்த மூட்டை. ஒரு மனிதரை எண்ணால் அளப்பது அவரை அவமதிப்பது. இந்த வளாகத்தில் அந்தக் கொடுமையை நாங்கள் ஒழித்துவிட்டோம். இங்கே இருப்பது வாழ்வெண். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த இடர்களைக் கேட்டு, ஒரு குழு நூற்றுக்கு இவ்வளவு என்று போடும். அறுபது வந்தால் சீட்டு."

"அம்பத்தொம்பதரை வந்தா சார்?" என்று முத்துச்செல்வி கேட்டாள்.

"வராது" என்றார் முனைவர். கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் நேர்காணல். குளிரூட்டிய அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டை, கழுத்தில் அடையாள அட்டை, முன்னால் ஃபைல், தண்ணீர் பாட்டில், முகத்தில் சிரிப்பு. முத்துச்செல்வியின் முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. அவளுடைய கம்பெனிக்கு அடிக்கடி வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருவார்கள். வருவதற்கு முந்தைய வாரம் முழுக்க, பெண்களை உட்காரவைத்துப் பதில்களை ஒப்பிக்கச் சொல்வார்கள். டை கட்டினவர் சிரித்துக்கொண்டே கேள்வி கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்பது அந்தப் பெண்களுக்குத் தூக்கத்திலும் வரும். இந்த வட்டாரத்தில் எந்த லைனில் நிற்கிறவளை எழுப்பிக் கேட்டாலும் வரும்.

"உங்கள் வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த பெரிய இடர் எது?" என்று ரகுபதி கனிவாகக் கேட்டார்.

"இடர் எதுவும் இல்லை சார். எங்களை மரியாதையாக நடத்துகிறார்கள்."

"அது சரி. வீட்டில், சிறுவயதில்?"

"பதினெட்டு வயதுக்குக் கீழே இங்கே யாரும் இல்லை சார்."

"இல்லையம்மா, உங்கள் குடும்பச் சூழலில் கட்டாயத்தின் பேரில் ஏதாவது..."

"ஓவர்டைம் எல்லாம் நாங்களாக விரும்பிச் செய்வது சார். யாரும் வற்புறுத்துவது இல்லை."

பக்கத்தில் இருந்த பேராசிரியர் கலைமணி மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "பசி, பட்டினி, தண்ணீர்ப் பஞ்சம்?"

"குடிதண்ணீர் சுத்தமாக இருக்கிறது மேடம். கழிவறை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யப்படுகிறது."

"கடைசியாக எங்களிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார் ரகுபதி.

"தீப்பிடித்தால் பதற்றப்படாமல் பச்சை அம்புக்குறி வழியாக வெளியே போகவேண்டும் சார்."

சொல்லிவிட்டு அவளே வெளியே போனாள். ஷேர் ஆட்டோவில் ஏறி, வண்டி வல்லம் தாண்டிய பிறகுதான் தான் என்ன பேசினோம் என்பது அவளுக்கு உறைத்தது. "அய்யோ, நான் நாசமாப் போக" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் யாருக்கோ விபத்து என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டினார்.

வாழ்வெண் நாற்பத்தொன்று என்று தகவல் வந்தது. கூடவே குழுவின் குறிப்பு: 'விண்ணப்பதாரரின் வாழ்க்கை எல்லா வகையிலும் திருப்திகரமாக உள்ளது. இரக்கப்பட வழியில்லை.'

ஆனால் ஞானத்தோரணம் யாரையும் கைவிடாது. இடர் போதாதவர்களுக்கென்று ஓர் இணைப்புப் பயிற்சி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் தகரக் கொட்டகையில் நடந்தது. நடத்தியவர் கலைமணி மேடம். கஷ்டத்தை எப்படிச் சொல்வது என்பதில் அவர் ஆராய்ச்சியே செய்திருந்தார்.

"உனக்கு என்ன கஷ்டம்? சும்மா சொல்லு பார்ப்போம்."

இந்த முறை முத்துச்செல்வி உண்மையைச் சொன்னாள். "எங்கம்மா பீடி சுத்துதா மேடம். சின்னதுல இருந்து நானும் கூட உக்காந்து சுத்துவேன். எங்கம்மைக்கு இப்ப மூச்சு வாங்குது. பிளஸ் டூ பரீட்சையப்ப அவள ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். அங்கன பெஞ்சுல இருந்துதான் படிச்சேன். அதான் அரை மார்க்கு."

மேடம் உதட்டைப் பிதுக்கினார். "பீடி வேண்டாம். போன வருஷம் ரெண்டு பேர் பீடி சொல்லிட்டாங்க. குழு புதுசா எதிர்பார்க்கும். ஆஸ்பத்திரி நல்லா இருக்கு, ஆனா அம்மா பிழைச்சுட்டாங்களே. அப்பா உயிரோட இருக்காரா?"

"இருக்காவ மேடம்."

"ம். பரவாயில்லை, சமாளிக்கலாம். குரலை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கோ. அழுகையை முதல்லயே செலவழிச்சுடாதே."

முத்துச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பன் உயிரோடு இருப்பதற்காக ஒருத்தரிடம் கூச்சப்பட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள். ஆனால் மேடம் சொன்னபடியே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அடுத்த வருடம் என்றால் கணக்கு வராது.

அந்தப் பயிற்சிக்கு சிவசங்கர் என்று ஒரு பையனும் பெயர் கொடுத்திருந்தான். சேரப்பணஞ்சேரிக்காரன். முதல் சனிக்கிழமை மட்டும் அப்பாவின் காரில் வந்து இறங்கினான். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பம். வந்த பணத்தில் அவன் அப்பா சாலையோரம் எஞ்சிய இடத்தில் வரிசையாக வாடகை அறைகள் கட்டிவிட்டார். பையன் பிளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண்ணை அவன் யாரிடமும் சொல்வதில்லை.

"நீ இன்னா சொல்லப் போறே தம்பி?" என்று மேடமே அவனுடைய பாஷையில் இறங்கிக் கேட்டார்.

"நெலம் பூட்ச்சி மேடம்" என்றான் அவன். "பரம்பர நெலம். இப்ப ஒரு நெல்லு கெடையாது எங்க வூட்ல. கடைலதான் அரிசி வாங்குறோம்."

மேடத்தின் கண் கலங்கியது. 'மண்ணின் மைந்தன், மண்ணிழந்தான்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். அதற்குப் பிறகு சிவசங்கர் பயிற்சிக்கு வரவில்லை.

பயிற்சியின் கடைசி நாளை 'நம்பிக்கை நாள்' என்றார்கள். எல்லாருக்கும் கறுப்பு அங்கியும் தொப்பியும் வாடகைக்கு எடுத்து மாட்டிவிட்டு, எதிர்காலத்தை உணர்ந்து தொப்பியை மேலே எறியச் சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். முத்துச்செல்வி எறிந்த தொப்பி தகரக் கூரையில் இடித்து அவள் மேலேயே விழ, அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு நன்றாகப் பதிவானது.

இரண்டாவது நேர்காணலுக்குப் போனபோது குழு அவளைப் பேசவே விடவில்லை.

"உங்களுக்கு ஒரு நல்ல செய்தி" என்றார் ரகுபதி. "நீங்கள் பயிற்சியை முழுமையாக முடித்துவிட்டீர்கள். பல்கலைக்கழகப் பயிற்சி பெற்ற ஒருவரை வாய்ப்பு மறுக்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது. அது எங்கள் பயிற்சிக்கே அவமானம். ஆகவே மாற்று வழிக்கு இனி நீங்கள் தகுதியானவர் அல்ல. தலை நிமிர்ந்து நேர்வழிக்குப் போங்கள்."

தலை நிமிர்ந்து காம்பவுண்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். அங்கே நேர்வழி அலுவலகத்தில் ஒருவர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஐம்பத்தொன்பதரைதானே இருக்கு. இதுக்குன்னே பின்னாடி ஒரு ஸ்கீம் வெச்சிருக்கோமே, அங்க போங்கம்மா" என்றார். பின்னால் போனாள். அங்கே இருந்தவர் முன்னால் அனுப்பினார். முன்வாசல் காவலாளிக்கே அவளைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "உட்காருமா, தண்ணி குடி. உனிக்கு முன்னாடி ஒருத்தர் இப்டித்தான் சுத்திகினே இருந்தாரு. இப்ப இங்கியே தோட்ட வேல பாக்கறாரு" என்றார்.

சிவசங்கருக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சனிக்கிழமைதான் வந்தான் என்பதால் பயிற்சி முடித்தவர்கள் கணக்கில் அவன் வரவில்லை. வாழ்வெண் தொண்ணூற்று நான்கு.

அதற்கடுத்து வந்ததுதான் பெரிய கூத்து. ஒரகடத்துக்கு முன்னால் சாலையோரம் ஒரு பிரம்மாண்ட பேனர் எழும்பியது. கறுப்பு அங்கியில் முத்துச்செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். 'மதிப்பெண் கைவிட்டது. நாங்கள் கைவிடவில்லை. முத்துச்செல்வி, பி.எஸ்சி.'

"இன்னாடி, சொல்லவே இல்ல?" என்றாள் ஐஸ்வர்யா. "எப்பொ சேந்தே, எப்பொ முடிச்சே?"

"நான் உள்ளயே போகலட்டி. அதுக்குள்ள முடிச்சு வெளிய விட்டுட்டாவ."

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை. கம்பெனியின் எச்.ஆர். மேடம் சசிகலா படப்பையிலிருந்து தினமும் அந்த வழியாகத்தான் வருவார். இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. லைன் வேலைக்குப் பட்டதாரியை எடுக்க மாட்டார்கள். படித்தவன் லைனில் நின்றால் கேள்வி கேட்பான், நாலு பேரைச் சேர்ப்பான் என்று பயம். பி.இ. முடித்த பையன்கள் எல்லாம் பிளஸ் டூ என்று பொய் சொல்லி உள்ளே நிற்கிறார்கள். படித்ததை ஒளிக்க வேண்டிய ஊரில், படிக்காத பட்டத்தைச் சாலையில் கட்டித் தொங்கவிட்டிருந்தது ஞானத்தோரணம்.

"நீ டிகிரியை மறைச்சு ஜாயின் பண்ணியிருக்கே" என்றார் சசிகலா. "இன்னியிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்."

"மேடம், சத்தியமா நான் படிக்கல. சீட்டே குடுக்கல."

"யுனிவர்சிட்டியே பேனர் போட்டிருக்கு. உன் பேச்சை நம்பணுமா, அதை நம்பணுமா? நீ அங்க படிக்கலன்னு அவங்ககிட்டேருந்தே சர்டிபிகேட் வாங்கிட்டு வா. பார்க்கலாம்."

முத்துச்செல்வி ரகுபதியிடம் ஓடினாள். அவர் பொறுமையாக விளக்கினார்.

"சான்றிதழ் என்பது எங்கள் மாணவர்களுக்கு மட்டும் வழங்கப்படுவது. நீங்கள் எங்கள் மாணவர் இல்லையே?"

"அதத்தான் சார் எழுதிக் கேக்கேன். நான் உங்க மாணவி இல்லன்னு."

"மாணவி இல்லாதவருக்கு நாங்கள் எப்படி எழுதித் தருவது? முதலில் சேர வேண்டும். சேர்ந்து, படிக்காமல் விட்டால், இடைநின்றவர் என்று அழகாக ஒரு சான்றிதழ் தரலாம்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "இருங்கள், இருங்கள். உங்களுக்கு வேலை போய்விட்டதா?"

"போயிட்டு சார்."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை!" என்று நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். குழுவை உடனே கூட்டினார். முத்துச்செல்வி நடந்ததை நடந்தபடி சொன்னாள். பேனர், எச்.ஆர்., காலி செய்யச் சொல்லும் வாடகை அறை, ஊரில் மாத்திரைக்குக் காத்திருக்கும் அம்மா எல்லாம் வந்தன. பாதியில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அழுகை வந்தது. கலைமணி மேடம் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எவ்வளவு இயல்பா வருது பாருங்க சார்! எல்லாம் நம்ம பயிற்சி" என்றார்.

வாழ்வெண் தொண்ணூற்றொன்று. அறையில் கைதட்டல்.

"வாழ்த்துகள் அம்மா" என்றார் ரகுபதி. "எங்கள் திட்டத்தின் வெற்றி இதுதான். உள்ளே வரும்போது இடரே இல்லாமல் வந்தீர்கள். இன்று பாருங்கள், தகுதி பெற்றுவிட்டீர்கள். சீட்டு உங்களுக்குத்தான். திங்கட்கிழமை வகுப்பு. ஒரே ஒரு சடங்கு. இது பணிபுரிவோருக்கான மாலைநேரப் படிப்பு. நீங்கள் வேலையில் இருப்பதாக உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வேண்டும்."

முத்துச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், பேனர எடுத்துட்டீயன்னா வேல திரும்பக் கிடைச்சிரும். வேல கிடைச்சா கடிதம் வாங்கிட்டு வந்துருவேன்."

"பேனரை எடுத்தால் வேலை கிடைத்துவிடும். வேலை கிடைத்துவிட்டால் இடர் போய்விடும். இடர் போனால் வாழ்வெண் இறங்கிவிடும். சீட்டு எப்படித் தருவது?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "விதியை நாங்கள் மீற முடியாது. ஏனென்றால் அதை எழுதியதே நாங்கள்தான். நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். சீட்டா, வேலையா?"

அவள் மூவர் முகத்தையும் பார்த்தாள். அவர்கள் விளையாடவில்லை. மூவரும் மெய்யாகவே அவளுக்கு நல்லது நடக்கவேண்டும் என்ற ஆவலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"வேல" என்றாள். "அந்தப் பேனர மட்டும் இறக்கிருங்க. உங்களக் கும்பிட்டுக்கிடுதேன்."

"தெளிவாக முடிவெடுக்கிறீர்கள். ஒரு பட்டதாரிக்கு வேண்டிய பண்பு" என்று ரகுபதி பாராட்டினார். ஆனால் சேர்க்கைக் காலம் முடியும்வரை பேனரை இறக்க முடியாது என்றார். சேர்க்கைக் காலம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே வேறு காலம் எதுவும் இருப்பதாகவும் தெரியவில்லை.

வெளியே வந்தபோது சிவசங்கர் பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றான். விஷயத்தைக் கேட்டான்.

"அக்கா, அந்தப் பேனரு நிக்கிறதே எங்க நெலத்துலதான். எங்கப்பன் வாடகைக்கு வுட்டுகீறாரு. நான் அவுத்துட்றேன், வுடு."

"உனக்கு எதுவும் பிரச்சினை வராதா தம்பி?"

"இன்னா பிரச்சன? கஷ்டம் வந்தா இன்னும் நாலு மார்க்கு ஏறும், அவ்ளோதான்."

அன்று சாயங்காலமே பேனர் போய்விட்டது. கீழே வாடகை அறைக்காரர்கள் அதை மழைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலை முத்துச்செல்வி எச்.ஆர். அறையில் நின்றாள். ஐஸ்வர்யாவும் சாட்சிக்கு வந்திருந்தாள். சசிகலா மேடம் பேனர் இல்லாததை வரும்போதே கவனித்திருந்தார்.

"சரி, நம்புறேன். ஆனா எனக்கு ஒரு சேஃப்டி வேணும். உன் கைப்பட எழுதிக் குடு. டிகிரி எதுவும் படிக்கலன்னு எழுது. இனிமேலும் படிக்க மாட்டேன், படிக்க முயற்சி பண்ண மாட்டேன்னு எழுது."

"இன்னா மேடம் இது, படிக்க மாட்டேன்னு யாரானா எய்தித் தருவாங்களா?" என்றாள் ஐஸ்வர்யா.

"நீ லைனுக்குப் போ."

முத்துச்செல்வி பேனாவை வாங்கினாள். 'படிக்கவில்லை' என்ற வரி சுலபமாக வந்துவிட்டது. அடுத்த வரியில் கை நின்றது. அவளுக்கு மேடத்தின் மேல் கோபம் வந்தது, ரகுபதியின் மேல் வந்தது, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து படித்த தன் மேலேயே வந்தது. ஷிப்ட் சங்கு ஊதியது. எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

சசிகலா அதைக் கையில் வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எவ்ளோ அழகா எழுதியிருக்கே! ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. நீயெல்லாம் மேல படிச்சிருக்கலாமேம்மா."